மன்னித்த பின்னரும் மீளும் கோபம்





கண்ணியத்துக்குரிய வானொலி நேயர்களே!

கோபத்தைப் பற்றி நாம் குத்பாக்களிலும் பயான்களிலும் நிறையவே கேட்டிருக்கின்றோம். மூண்டெழும் கோபத்தை அடக்குவது எவ்வாறு, பகைத்திருப்போரை இணக்கி வைப்பது எவ்வாறு என்பன பற்றியெல்லாம் உலமாக்கள் விரிவாக எடுத்துரைத்துள்ளனர். ஆனால், தீர்ந்துபோன பிணக்கொன்று, வாயார மன்னித்து முடித்த தவறொன்று, பல வருடங்களின் பின்னர் திடீரென நெஞ்சிலே கொதித்தெழுகின்றதே, அதனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வெட்கப்படுகின்றோம். 'அவர்தான் மாப்புக் கேட்டுவிட்டாரே, நீங்களும் மன்னித்துவிட்டீர்களே, இன்னுமா?' என்று பிறர் கேட்டுவிடுவார்களோ என அஞ்சுகின்றோம். இன்று அதனைப் பற்றியே உங்களோடு சிறிது நேரம் பேச விழைகின்றேன். எனது சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குகின்றேன். இதனை வானொலியிலே சொல்வதற்கு என் காக்காவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்கின்றேன். 'சொல்லு தம்பி, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்' என்று அவர் கூறினார்.

எங்கள் வாப்பா அம்பாறை மாவட்டக் கரையோர ஊரொன்றில் வாழ்ந்த ஒரு சாதாரண விவசாயி. அவரிடம் இருந்தது மூன்று ஏக்கர் வயற்காணி. உம்மா முன்னரே மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் இருவர் மாத்திரமே. 1995ஆம் ஆண்டு வாப்பா காலமானபோது நான் வெளியூர் மத்ரஸாவொன்றிலே ஓதிக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் கழிந்த பின்னர்தான் காணி முழுவதும் காக்காவின் பெயரில் உறுதி எழுதப்பட்டிருக்கின்றது என்ற செய்தி எனக்குத் தெரிய வந்தது. வாப்பா நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்களில் அது நடந்திருந்தது.

அதன் பின்னர் ஆறு வருடங்கள் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதல்ல என்ற ஹதீஸை நான் மிம்பரிலே நின்று பிறருக்கு எடுத்துச் சொன்ன காலமும் அதுவேயாகும். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

2001ஆம் ஆண்டு நோன்பு காலத்திலே பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் எங்கள் இருவரையும் அழைத்துப் பேசினார்கள். காக்கா எவ்விதத் தர்க்கமும் செய்யவில்லை. தாம் செய்தது பிழை என்று அத்தனை பேர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு அழுதார். பெருநாளைக்கு முன்னரே நொத்தாரிசிடம் சென்று எனக்குரிய பாதியை என் பெயருக்கு எழுதித் தந்தார். நான் மன்னித்தேன். பெருநாள் தொழுகை முடிந்து நாங்கள் ஸலாம் கூறிக் கட்டித் தழுவியபோது, என் நெஞ்சிலே அவரைப் பற்றிய ஒரு துரும்பளவு கசப்பும் இருக்கவில்லை என்று என்னால் சத்தியமிட்டுக் கூற முடியும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. கடற்கரையோரம் இருந்த என் வீடு அத்திவாரத்தோடு போயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் மனைவியும் பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். அன்று மாலை, காலில் செருப்பும் இன்றி, ஜனாஸாக்கள் கிடத்தப்பட்டிருந்த இடங்களிலெல்லாம் எங்களைத் தேடித் திரிந்தவர் என் காக்காதான். எங்களைக் கண்டதும் அவர் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதிலே கேட்கின்றது. பிரதான வீதிக்கு மேற்கே இருந்த தமது வீட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றார். மூன்று மாதங்கள் அவருடைய வீட்டிலே, அவருடைய சோற்றை உண்டு வாழ்ந்தோம்.

அந்நாட்களில் பெரும்போக அறுவடை முடிந்தது. எங்கள் வயல் கடல்நீர் எட்டாத தூரத்திலே இருந்தபடியால் அவ்வருடமும் விளைச்சல் கிடைத்தது. ஓர் இரவு மதினி புது அரிசியிலே சோறாக்கிப் பரிமாறினார். காக்கா மிகுந்த சந்தோசத்தோடு, 'வாப்பாட வயல் அரிசி தம்பி, வயிறு நிறையச் சாப்பிடு' என்றார்.

நேயர்களே, அந்த ஒரு கவளம் என் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. 'வாப்பாவின் வயல்' என்று சொல்வதற்கு இவருக்கு என்ன துணிவு என்று உள்ளம் கொதித்தது. ஆறு வருடங்களாக மாற்றாள் குத்தகைக் காசும் இன்றி இருந்த நான், மத்ரஸாவிலே படிக்கும்போது ஒரு சாரன் வாங்க வழியில்லாதிருந்த நான், எல்லாமே ஒரு கணத்திலே கண் முன் வந்து நின்றன. எதிரே அமர்ந்திருப்பவர் என் பிள்ளைகளைப் பிரேதங்களுக்கிடையே தேடி அலைந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கோபம் தணியவில்லை. தலைவலி என்று கூறி எழுந்து சென்று படுத்துக்கொண்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கோபத்தைவிட ஒரு பயமே என்னை அதிகம் வாட்டியது. அப்படியானால் 2001ஆம் ஆண்டு நான் கூறிய மன்னிப்பு வெறும் வாய்ப்பேச்சா? நாவிலே ஒன்றும் கல்பிலே இன்னொன்றும் வைத்திருப்பது முனாபிக்கின் குணமல்லவா? இவ்வாறு எண்ணி எண்ணி வெதும்பினேன். இந்தப் பயம் என்னிடம் மாத்திரம் இருந்ததன்று என்பதைப் பிற்காலத்திலே, என்னிடம் வந்து தனிமையில் பேசிய பலரின் வாயிலாக அறிந்துகொண்டேன்.

பிள்ளைப் பருவத்திலே மனனம் செய்த ஒரு திருவசனம் எத்தனையோ முறை ஓதியும் விளங்காமல் இருந்து, தேவையுள்ள ஒரு நாளிலே விளங்குவதுண்டு. அடுத்த சில நாட்களில் எனக்கு அவ்வாறு விளங்கியது ஸூரா அல்அஃராபின் 201ஆவது வசனமாகும். தக்வா உடையோரை ஷைத்தானிடமிருந்து ஒரு 'தாஇப்' தீண்டுமாயின் அவர்கள் அல்லாஹ்வை நினைவுகூர்கின்றார்கள், உடனே அவர்களுக்குப் பார்வை தெளிகின்றது என்பது அதன் கருத்து. தாஇப் என்பது சுற்றி வருவதைக் குறிக்கும் சொல். கஃபாவை நாம் சுற்றி வருகின்றோமே, அந்தத் தவாபும் இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததுதான். முற்கால விரிவுரையாளர் சிலர் இவ்விடத்திலே தாஇப் என்பதற்குக் கோபம் என்றே பொருள் கூறியுள்ளனர். ஒரு முறை வந்து போய்விடுவதன்று. சுற்றிச் சுற்றி வருவது. போன தடவை துரத்தினோமே என்று அது வெட்கப்படுவதில்லை.

இவ்வசனத்துக்கு முன்னுள்ள இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 199ஆவது வசனத்திலே, மன்னிப்பைக் கைக்கொள்ளுமாறு நபியவர்களுக்குக் கட்டளை வருகின்றது. அதற்கு அடுத்த வசனமே, ஷைத்தானின் தூண்டுதல் ஏற்பட்டால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுமாறு கூறுகின்றது. அதற்கு அடுத்ததாகவே இந்தத் தாஇப் பற்றிய வசனம் வருகின்றது. மன்னிக்கச் சொன்ன கையோடு, மன்னித்தவனை என்ன வந்து தீண்டும் என்பதையும் நம்மைப் படைத்த றப்பு சொல்லிவைத்திருக்கின்றான். அது தீண்டப்படுவோரைத் தக்வா உடையோர் என்றே குறிப்பிடுகின்றான். இதனை விளங்கிய அன்று என் நெஞ்சிலிருந்து ஒரு பாராங்கல் இறங்கியது போலிருந்தது. உள்ளங்களிலே எழும் ஊசாட்டங்களைப் பேசாமலும் செயற்படுத்தாமலும் இருக்கும் வரையில் இந்த உம்மத்தினருக்கு அல்லாஹ் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. எனக்குக் கேள்விகணக்கு இருப்பது அந்தச் சோற்றுக் கவளம் தொண்டையில் நின்றதற்காக அன்று. அதன் பின்னர் நான் எழுந்து என்ன செய்தேன் என்பதற்காகவே என உணர்ந்துகொண்டேன்.

கண்ணியமிகு சகோதர சகோதரிகளே!

புகாரியிலே வரும் ஒரு வரலாற்றை இங்கு நினைவூட்ட விரும்புகின்றேன். சிலர் இதனைப் பொதுமக்களிடம் சொல்லத் தயங்குவதை நான் கண்டிருக்கின்றேன். எனக்கோ இது நம் போன்ற பலவீனர்களுக்குக் கிடைத்த பெரும் ஆறுதலாகத் தோன்றுகின்றது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹத் களத்திலே நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) அவர்களை ஈட்டியெறிந்து ஷஹீதாக்கியவர் வஹ்ஷி என்ற அடிமை. அதற்குக் கூலியாக அவருக்கு விடுதலை வாக்களிக்கப்பட்டிருந்தது. மக்கா வெற்றியின் பின்னர், தாஇப் நகரத்தாரின் தூதுக்குழுவோடு அவர் மதீனா வந்து நபியவர்களின் முன்னிலையில் நின்றார். நீர்தானா வஹ்ஷி, ஹம்ஸாவைக் கொன்றவர் நீர்தானா என்று நபியவர்கள் வினவினார்கள். உங்களுக்கு எட்டிய செய்தி உண்மையே என்றார் அவர். அவர் தண்டிக்கப்படவில்லை, பழிக்குப்பழி கோரப்படவில்லை. ஆனால், உமது முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள உம்மால் முடியுமா என்று மாத்திரம் நபியவர்கள் கேட்டார்கள். வஹ்ஷி அவ்வாறே வெளியேறினார். பின்னாளில் யமாமா போரிலே, பொய் நபி முஸைலமாவைத் தமது அதே ஈட்டியால் வீழ்த்தினார்.

உலகத்தாருக்கெல்லாம் ரஹ்மத்தாக அனுப்பப்பட்டவரின் உள்ளத்திலும், அந்த முகத்தைக் காணும்போது உஹத் களம் மீண்டும் எழக்கூடும். அதனை நபியவர்கள் மறைக்கவில்லை. அது எழுந்துவிடக்கூடும் என்பதற்காகக் கொடுத்த மன்னிப்பை மீளப் பெறவுமில்லை. நான் மன்னித்தவரின் எல்லா விருந்துகளிலும் முன் வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொண்டேன். இதனைச் சாட்டாக வைத்து இரத்த உறவை முறித்துக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை. ஸலாமும், நோய் விசாரிப்பும், நல்லது கெட்டதற்குப் போவதும் அவருக்குரிய ஹக்கு. எந்தப் பேச்சு, எந்த இடம் என் புண்ணைக் கிளறுகின்றதோ அதிலிருந்து சற்று விலகி நிற்பது மாத்திரமே எனக்குரிய சலுகை.

இவ்விடத்திலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது தீர்ந்துபோன விடயத்தைப் பற்றி. பறித்த சொத்தை இன்னும் திருப்பித் தராதவர், மனைவிமீது இன்றும் கை நீட்டுபவர், நேற்றுவரை அவதூறு பரப்பிக்கொண்டிருப்பவர் ஆகியோரால் பாதிக்கப்பட்டவருக்கு எழும் கோபத்தை ஷைத்தானின் தீண்டுதல் என்று நாம் சொல்லிவிடலாகாது. அவர்களிடம் போய் 'ஸபூர் செய்யுங்கள், மன்னித்துவிடுங்கள்' என்று உபதேசிப்பது எளிது. அநியாயத்தைத் தடுத்து நிறுத்துவதுதான் அங்கே நம்மீதுள்ள கடமை. காழியாரிடம் செல்ல வேண்டியதைக் காழியாரிடமும், பொலிஸுக்குச் செல்ல வேண்டியதைப் பொலிஸுக்கும் கொண்டு செல்ல வேண்டும்.

இனி, நான் விட்ட பிழைக்கு வருகின்றேன். உள்ளத்திலே எழுந்த கோபத்துக்கு அல்லாஹ் தந்த சலுகையை நான் நாவினால் வீணாக்கிக்கொண்டேன். காக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லைதான். ஆனால் புதிய வீடு கட்டிக் குடியேறிய பின்னர், என் வீட்டுக்குள்ளே, கோபம் சுற்றி வரும் நாட்களிலெல்லாம் பழைய கதையை எடுத்துவிடுவேன். சில வேளை பகிடியாக. சில வேளை 'உலகம் எப்படிப்பட்டது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா' என்ற பாவனையில். 2009ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பதினான்கு வயதான என் மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெரியவாப்பாவுக்கு ஸலாம் சொல்ல வருமாறு கூப்பிட்டும் வரவில்லை. பின்னர் காரணம் கேட்டபோது, 'உங்களை ஏமாற்றியவர்தானே' என்றான். கடற்கோள் நாளில் அவனைத் தோளிலே சுமந்து வந்தவர் அவர். அவனோ அந்தக் காணியின் ஓரத்தைக்கூட அன்றுவரை பார்த்ததில்லை.

என் கோபத்துக்காவது ஒரு காரணம் இருந்தது. மன்னிப்பு என்ற மருந்தும் அதற்குக் கிடைத்தது. அவனுடைய கோபத்துக்கு எதுவுமில்லை; அவனிடம் எவரும் மாப்புக் கேட்கப்போவதுமில்லை.

உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரழி) அன்னையவர்களின் வாழ்விலிருந்து இரண்டு சம்பவங்களை அதன் பிறகுதான் நான் ஊன்றிப் படித்தேன். அன்னையவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது அதிலே வாய் கொடுத்தவர்களுள் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்களும் ஒருவர். அன்னையின் தூய்மையை அல்லாஹ்வே ஸூரத்துந் நூரிலே இறக்கியருளினான், விவகாரம் முடிந்தது. ஹஸ்ஸான் அவர்கள் முதுமையடைந்து பார்வையிழந்த காலத்திலே அன்னையைக் காண வருவார்கள், அனுமதியும் கிடைக்கும். ஒரு நாள் அவர், அன்னையைக் கற்புடையவர், பிறரைப் புறம் பேசாதவர் எனப் புகழ்ந்து கவி பாடியபோது, ஆனால் நீர் அப்படியிருக்கவில்லையே என்று அன்னையவர்கள் கூறினார்கள். எத்தனை வருடங்களின் பின்னர்! அந்த வடு அங்கே இருக்கத்தான் செய்தது. அவ்வளவும் சொல்லிவிட்டு, கதவை மூடினார்களா? இல்லை. இப்படிப்பட்டவரை ஏன் உள்ளே விடுகின்றீர்கள் என்று அருகிலிருந்த மஸ்ரூக் கேட்டபோது, குருட்டைவிடக் கடினமான தண்டனை வேறென்ன என்று கூறி, நபியவர்களுக்காக அவர் தமது கவிதையால் வாதாடியவர் என்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

மற்றச் சம்பவம் இதனையும் விஞ்சியது. அன்னையின் சகோதரி மகன் உர்வா, சாச்சிக்காகப் பரிந்து, அவர்கள் முன்னிலையிலேயே ஹஸ்ஸானை ஏசத் தொடங்கினார். அன்னையவர்கள் உடனே தடுத்தார்கள். அவரை ஏசாதே, அவர் நபியவர்களுக்காக வாதாடியவர் என்றார்கள். பாதிக்கப்பட்டவர் தமக்காகக் கோபப்பட வந்த இளைய தலைமுறையைத் தடுத்து நிறுத்துகின்றார். நானோ என் மகனுக்கு அந்தக் கோபத்தைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியிருக்கின்றேன்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதனைக் காணலாம். பெற்றோரும் சகோதரர்களும் எகிப்துக்கு வந்து சேர்ந்து, அவரது கனவு நனவான அந்த மகத்தான சபையிலே, அல்லாஹ் தமக்குச் செய்த உபகாரங்களை அவர் எண்ணிக் கூறுகின்றார். சிறையிலிருந்து தம்மை வெளியேற்றியதைக் கூறுகின்றார். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிறைக்கு அனுப்பியவர்கள் அந்நியர். கிணற்றிலே போட்டவர்களோ அங்கே எதிரில் நிற்கின்றார்கள். அவர்களை வெட்கப்படுத்தாதிருக்கவே அதனை அவர் தவிர்த்தார் என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். யூஸுப் (அலை) அவர்கள் கிணற்றை மறந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருளும் ஈரமும் தனிமையும் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்? ஞாபகத்தில் இருந்தது, கதையிலே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலே வயலின் கதை நிறுத்தப்பட்டது. மகனை அழைத்து, நான் சொல்லாமல் விட்ட மற்றப் பாதியையும் சொன்னேன். பள்ளிவாசலிலே காக்கா அழுததையும், சட்டம் எதுவும் நிர்ப்பந்திக்காமலேயே உறுதி எழுதித் தந்ததையும், செருப்பில்லாத கால்களையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவன் வளர்ந்து பெரியவனாகி, பெரியவாப்பாவோடு மரியாதையாகவே பழகுகின்றான். ஆயினும், சிறு வயதிலே அவர் மடியில் ஏறியிருந்த அந்த உரிமை திரும்பவில்லை. அது என் நாவு செய்த சேதம்.

கோபம் எனக்கு இன்னும் வருகின்றது. முன்னர் மாதம் ஒரு முறை. இப்போது பெரும்பாலும் அறுவடைக் காலத்திலே, வருடத்துக்கு ஓரிரு முறை. வரும்போது அதனோடு நான் வழக்காடுவதில்லை. வழக்காடினால் பழைய சாட்சிகளையெல்லாம் அது அழைத்து வருகின்றது. அஊது ஓதி, வுழூச் செய்துகொள்கின்றேன். முன்சென்ற முஃமின்களுக்காகப் பிழை பொறுக்கத் தேடி, நம் உள்ளங்களிலே அவர்கள் மீது குரோதத்தை வைத்துவிடாதே என்று கேட்கும் துஆ ஸூரத்துல் ஹஷ்ரிலே உள்ளது, அதனைக் கேட்கின்றேன். சுவர்க்கவாசிகளின் நெஞ்சங்களில் எஞ்சியுள்ள குரோதத்தை அல்லாஹ் அகற்றிவிடுவான் என்று அல்குர்ஆனிலே இரண்டு இடங்களில் கூறப்பட்டுள்ளது. ஜமல் போரிலே தம்மை எதிர்த்து நின்ற தல்ஹா (ரழி), ஸுபைர் (ரழி) ஆகியோரோடு தாமும் அந்த வசனத்துக்குரியோரில் ஒருவராயிருக்க ஆதரவு வைப்பதாக அலி (ரழி) அவர்கள் கூறிய செய்தி தப்ஸீர்களிலே பதிவாகியுள்ளது. சுவர்க்கத்துக்குச் செல்வோரின் நெஞ்சிலும் அகற்ற வேண்டிய மிச்சம் ஒன்று இருக்கும் என்றால், அடியேனின் நெஞ்சைப் பற்றி என்ன சொல்வது?

சென்ற பெரும்போகத்திலும் காக்கா ஒரு மூடை புது அரிசி அனுப்பியிருந்தார். மூடையை அவிழ்த்ததும் அந்த வாசனையோடு அதுவும் வந்தது. நான் வுழூச் செய்துவிட்டு வந்து தொலைபேசியை எடுத்தேன்.

'அரிசி எப்படி தம்பி?' என்று கேட்டார்.

'புதுசு, சோறு கொஞ்சம் குழையுது காக்கா' என்றேன்.

'தண்ணியைக் குறைச்சு வைக்கச் சொல்லு' என்றார்.